பூட்டுக்கும் பொட்டு வைத்த நாள்

என்னிடம் இருப்பது ஒரு போட்டோவின் காப்பி. அசல் ஏதோ ஓர் ஆபீஸ் கட்டுக்குள் போனது, திரும்பி வரவில்லை. காப்பி என்பதால் முகங்கள் கொஞ்சம் கரைந்துபோய், மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் அதில் யார் யார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பதினோரு பெண்கள் இரண்டு வரிசையாக நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் மேஸ்திரி, கையைக் கட்டிக்கொண்டு. இடது ஓரத்தில் நான்கைந்து தகர டின்கள் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சந்தனம், குங்குமம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு மரக்கதவு. பின்வரிசையில், டின்களை ஒட்டி இடது கோடியில் நிற்பது வில்லியனூர் அக்கா. அவளுக்கு அடுத்து நான், தாவணியில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அவள் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியில் ஒரு பூட்டு தெரிகிறது. அதற்கும் பொட்டு வைத்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சந்தனம் வெள்ளையாகவும் குங்குமம் கறுப்பாகவும் விழுந்திருக்கின்றன.

எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். அக்கா மட்டும் பார்க்கவில்லை. முகத்தை டின்கள் பக்கமாகத் திருப்பி, அவற்றுக்கு மேலே, படத்துக்குள் வராத எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நடந்தது மொத்தமும் இந்தப் படத்தில் இருக்கிறது. நடப்பதற்கு நாலு மாதம் முன்பே இருந்தது. நாங்கள் ஆளுக்கொரு கை பூஜைப் பொரியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா மில்லில் தறி ஓட்டினவர். மில் நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. திறப்பார்கள் திறப்பார்கள் என்று தினமும் காலையில் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாள் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்தார். அந்த வாரமே நான் தட்டாஞ்சாவடியில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி என்று பெயர்தான்; ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே ஒரு நீளமான ஷெட். அங்கே முழு ஷூ செய்ய மாட்டார்கள். வெட்டிய தோலை ஒட்டி, மடித்து, தைத்து, ஷூவின் மேல்பாகத்தை மட்டும் செய்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடுவேன்.

என் வேலை ஒட்டுவது. டப்பாவில் இருக்கிற சொல்யூஷனை பிரஷ்ஷால் தொட்டுத் தோலின் ஓரத்தில் தடவ வேண்டும், கொஞ்சம் காயவிட்டு மடிக்க வேண்டும், சுத்தியால் தட்ட வேண்டும். அந்தச் சொல்யூஷனுக்கு ஒரு தித்திப்பான வாசனை உண்டு. முதல் வாரம் தலை சுற்றும், அப்புறம் பழகிவிடும். மத்தியானச் சோறு இறங்காது. வீட்டில் தலைவாரும்போது என் முடியில்கூட அந்த வாசனை வருகிறது என்று அம்மா சொல்வாள். பெரிய டின்களிலிருந்து சின்ன டப்பாக்களுக்கு ஊற்றிக்கொள்வோம். மூடி சரியாக மூடாது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

முதலாளியை நாங்கள் முசே என்போம். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தை ஊர் அப்படித்தான் கூப்பிட்டது. அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. தைத்து முடித்த ஜோடியை நீட்டினால் வாங்கிப் பார்த்துவிட்டு, எங்களிடமே "மெர்சி" என்று நன்றி சொல்வார். அவ்வளவு மரியாதையான மனிதர்.

வில்லியனூர் அக்காவும் நானும் ஒரே மேசை. வில்லியனூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கழனி வேலை குறைந்துபோனதால் பஸ் ஏறி டவுனுக்கு வேலைக்கு வந்தவள். புருஷன் இன்னும் ஊரில் கழனி வேலைதான் செய்தான். ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. அக்காவுக்கு முப்பதுகூட இருக்காது. மேஸ்திரிக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவாள். என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, சோறு அப்படியே இருந்தால், தன் சாப்பாட்டு மூடியில் கொஞ்சம் ஊறுகாயை வைத்துத் தள்ளுவாள்.

ஷெட்டுக்கு இரண்டு வாசல். முன்பக்கம் ஷட்டர். பின்பக்கம் அந்த மரக்கதவு; அதைத் திறந்தால் சின்ன முற்றம், குழாய், கக்கூஸ். நான் சேர்ந்த புதிதில் அது திறந்தே இருக்கும். அப்புறம் தோல் துண்டுகள் காணாமல் போகின்றன என்று ஒரு பேச்சு வந்தது. யார் எடுத்தார்கள் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை நாங்கள் போனபோது கதவின் உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி மேஸ்திரியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. கக்கூஸ் போக வேண்டுமென்றால் அவரிடம் போய் நிற்க வேண்டும். அவர் எழுந்து வந்து திறந்துவிட்டு, நாங்கள் திரும்புகிற வரை அங்கேயே நின்று, மறுபடியும் பூட்டுவார். பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டோம்.

அக்கா மட்டும் ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போதே கேட்டாள். "ஏன் மேஸ்திரி, ஆத்திர அவசரம்னா நாங்க எந்தப் பக்கம் ஓடுறது?"

மேஸ்திரி நிமிர்ந்து பார்க்கவில்லை. முசேயிடம் கேள் என்றார். முசே வந்தபோது அவள் அதையும் கேட்டாள். முசே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பார்க்கலாம் என்றார். பூட்டு அப்படியே இருந்தது.

ஆயுத பூஜை அன்று மெஷினையெல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, காலையிலேயே ஷெட்டைக் கழுவிவிட்டோம். கத்தரிக்கோல், சுத்தி, தையல் மெஷின், டின், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்த அக்கா, கதவண்டை வந்ததும் நின்றாள். மூன்று விரலால் சந்தனத்தை எடுத்துப் பூட்டின்மேல் இழுத்தாள். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

"இதுவுந்தான் தெனமும் நமக்காக வேல செய்யுது," என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். மேஸ்திரியின் முகம் சுருங்கியது, ஆனால் பூஜை நேரம் என்பதால் பேசவில்லை.

பெரிய மார்க்கெட் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் போட்டோ எடுக்க வந்தார். முன்பக்கம் வெயில் கண்ணைக் கூச வைத்தது. பின்கதவுப் பக்கம் எங்களை நிற்கச் சொல்லி, தான் கொண்டுவந்த பெரிய விளக்கின் வயரை டின்களுக்கு மேலே இருந்த ஸ்விட்ச் போர்டில் செருகினார். இங்கே பாருங்கள், இங்கே பாருங்கள் என்றார். அக்கா வேறெங்கோ பார்த்தாள். அவர் மறுபடியும் சொல்வதற்குள் எடுத்தாகிவிட்டது. இன்னொன்று எடுக்க பிலிம் இல்லையோ, முசேக்கு அவசரமோ, அந்த ஒரு படத்தோடு முடித்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது எங்கே பார்த்தாய் என்று நான் கேட்டேன்.

"போர்டு சர்ருன்னுச்சு தங்கச்சி. ஒனக்குக் கேக்கல? வயர் கருகுன நாத்தம் அடிச்சுது."

எனக்குக் கேட்கவில்லை. எனக்கு வந்தது சாம்பிராணி வாசனை மட்டும்தான்.

மறுநாள் அவள் அதை மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் போர்டைத் திறந்து பார்த்து, கறுப்பு டேப் சுற்றினார். தை மாதத்தில் அது மறுபடியும் சத்தம் போட்டது. இப்போது எனக்கும் கேட்டது. தையல் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது கொஞ்ச நேரம் சர்ரென்று இரைந்துவிட்டு அடங்கும். அடங்கிவிட்டால் நாங்கள் மறந்துவிடுவோம். அக்கா மறக்கவில்லை. அந்தச் சத்தம் வந்தால் அவள் பிரஷ் நின்றுவிடும். நிமிர்ந்து போர்டைப் பார்ப்பாள், அப்புறம் கதவைப் பார்ப்பாள், அப்புறம் குனிந்து வேலையைப் பார்ப்பாள். பொறி பட்டால் பற்றிக்கொள்கிற சாமான், டின்களையாவது நகர்த்தி வையுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னாள். வேறு இடம் எங்கே இருக்கிறது என்றார். உண்மைதான், இடம் இல்லை.

மாசி மாதம், மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஷினைப் போட்ட கொஞ்ச நேரத்தில் நடந்தது. லைனிங் துணிக்கட்டு எடுத்துவர நான் ஷட்டர் பக்கம் வந்திருந்தேன். மேஸ்திரி லாரி ஷெட்டுக்குச் சரக்கு போடப் போயிருந்தார். முதுகுக்குப் பின்னால் பெரிய படுதாவை உதறியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், போர்டுக்குக் கீழே இருந்த டின்னின் வாய் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த டின் பற்றியது. பிறகு மேசையிலிருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாக. ஷெட்டின் நடுவில் நெருப்பு குறுக்கே நின்றது. நாங்கள் பெரும்பாலோர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம்.

அதில் இரண்டு பேர் வெட்டும் மேசைக்கு அடியில் படுத்துத் தவழ்ந்து எங்கள் பக்கம் வந்தார்கள். முடி கருகி, கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. அக்கா வரவில்லை. அவளுக்கு நாலு எட்டில் கதவு இருந்தது. யாராக இருந்தாலும் அங்கேதான் ஓடியிருப்பார்கள்.

நாங்கள் ஷட்டர் வழியாக வெளியே வந்து, சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினோம். கதவு உள்ளிருந்து குலுங்கியது. சங்கிலியின் சத்தம் கேட்டது. அவள் கத்தினாளா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். கத்தவில்லை. சங்கிலிச் சத்தம் மட்டும்தான். பக்கத்து லேத் பட்டறையிலிருந்து இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து கீல் பக்கமாக நெம்பினார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் பிற்பாடு கேட்டார்கள். எனக்குத் தெரியாது. சத்தம் நின்ற பிறகுதான் கதவு விழுந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். நான் ஒரு முறை போனேன். வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் நெருப்பு பட்டிருந்தது. என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. அவள் புருஷன் வராந்தாவில், காலில் சேற்றோடு நின்றுகொண்டிருந்தான். கழனியிலிருந்து அப்படியே வந்தவன் வீட்டுக்குத் திரும்பவேயில்லை போலிருக்கிறது.

போலீஸ் எங்களை விசாரித்தது கம்பெனி ஆபீஸ் ரூமில். முசேயும் அங்கே இருந்தார். எல்லாருக்கும் காபி வரவழைத்தார். பின்கதவு பூட்டியிருந்ததா என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவள் தெரியவில்லை என்றாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். என் முறை வந்தது. முசே என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தெரியவில்லை என்றேன். அந்தக் காபியையும் குடித்தேன்.

விழுந்த கதவை மறுநாளே அப்புறப்படுத்திவிட்டார்கள். பூட்டையும் சங்கிலியையும் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பட்டறைக்காரர்கள் வெளியே நின்றவர்கள். கதவு திறக்கவில்லை என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. சூட்டில் தாழ்ப்பாள் இறுகிவிட்டது என்று ஒரு கதை வந்தது. அதோடு இன்னொரு கதையும் வந்தது. வில்லியனூர்க்காரி காலையில் வேலை தொடங்கும்போது ஊதுவத்தி கொளுத்தி வைப்பாளாம், அன்றைக்கும் கொளுத்தினாளாம், அதில்தான் பற்றிக்கொண்டதாம். அந்த ஷெட்டுக்குள் ஆயுத பூஜையைத் தவிர வேறெந்த நாளும் ஒரு தீக்குச்சி உரசியதில்லை. ஆனால் பத்து நாளைக்குள் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில்கூட அந்தக் கதையைப் பேசிக்கொண்டார்கள். யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு பழத்தோடு, சாயங்காலம். அதற்கு முன் அவர் எங்கள் தெருப் பக்கம்கூட வந்ததில்லை. அம்மா நாற்காலி போட்டாள். அவர் உட்காராமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பூஜைக்கு எடுத்தமே, அந்த போட்டோவப் பாத்தா எல்லாருக்கும் மனசு கஷ்டமா இருக்கும்மா. எல்லாத்தையும் வாங்கி கடல்ல போட்டுடலாம்னு முசே சொல்றாரு."

படம் எடுத்த அன்று வேண்டுமென்று சொல்லிவைத்தவர்கள் பிறகு ஆளுக்கொரு காப்பி வாங்கியிருந்தோம். நான்கு பேரிடம் வாங்கியாகிவிட்டது என்றார். ஆபீசில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததையும் எடுத்துவிட்டார்களாம். ஸ்டுடியோவிலிருந்து நெகட்டிவும் வந்துவிட்டதாம். பேச்சோடு பேச்சாக, முசேயின் இன்னொரு ஷெட்டுக்கு வாட்ச்மேன் தேவைப்படுகிறது, அப்பாவைக் கேட்கச் சொன்னார் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

போட்டோ சுவரில், கண்ணாடிக்குக் கீழே சொருகியிருந்தது. அம்மா அதை எடுத்தாள். கொடுப்பதற்கு முன்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அம்மா கேட்டிருப்பாள். நான் பழச்சீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் காலையில் அவசரம் இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் மட்டும் வில்லியனூர் பஸ் ஏறினேன். கூட வேலை செய்தவர்கள் யாரும் வரவில்லை. கூரை வீடு. உள்ளே விளக்கேற்றி, மாலை போட்டு, அக்காவின் படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் கும்பிடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் முகம் எங்களைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவள் வாழ்ந்த காலத்தில் எடுத்த ஒரே போட்டோ எங்கள் பூஜைப் படம்தான்; அவளும் ஒரு காப்பி வாங்கியிருந்தாள். செத்த மறுநாளே புருஷன் அதை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, அவளை மட்டும் பெரிதாக எடுத்து, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். என் தாவணியின் விளிம்புகூட அதில் இருந்தது. அதற்கும் அவள் தோளுக்கும் நடுவில், மாலைக்கு வெளியே, எலுமிச்சம்பழம் பருமனுக்கு அந்தப் பூட்டு. மூன்று விரல் சந்தனமும் பொட்டும் தெளிவாகத் தெரிந்தன.

அந்தக் குழந்தை அறையின் இடது மூலையில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் வந்து உட்காரச் சொல்லி ஒரு அம்மாள் கூப்பிட்டாள். குழந்தை வரவில்லை.

"இங்க ஒக்காந்தாத்தான் அம்மா என்னப் பாக்குது," என்றது.

என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் புருஷன் தண்ணீர் கொண்டுவந்தான். போட்டோவைக் கேட்டு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். கம்பெனி மேஸ்திரி தெருமுனை வரை வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள், வீட்டுக்கு வரவில்லை என்றான். வந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டானாம். அவள் முகம் வேறெங்கேயும் இல்லையே என்றான்.

நான் பூட்டைச் சொன்னேன். கதவைச் சொன்னேன். சங்கிலிச் சத்தத்தைச் சொன்னேன். போலீசிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

"தோளண்ட ஏதோ பூ இருக்குதுன்னு நெனச்சேன்," என்றான். "தெனமும் அதுக்கும் சேத்துதான் கும்புட்டுட்டிருக்கேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போதே அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொன்னேன். அப்பா சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அம்மா அழுதாள், இந்த வீட்டில் இப்போதுதான் அடுப்பு ஒழுங்காக எரிகிறது என்றாள். அப்பா கை கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் அவர் காக்கிச் சட்டையைப் போடவில்லை. மடித்துப் பொட்டலம்போல் கட்டி வைத்திருந்தார்.

"நீ போயி பாத்ததச் சொல்லு," என்றார். "இத நான் குடுத்துட்டு வந்துடறேன்."

அக்காவின் புருஷனிடமிருந்த அசல் போட்டோவை எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அவனும் நானும் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போனோம். அவர் அசல் போட்டோவை வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். எழுதிக்கொண்டார். விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்.

கூப்பிடுவதற்கு இரண்டு மாதமாயிற்று. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு ஆள் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். காலையில் வருவான், வெயில் ஏறினதும் போய்விடுவான். ஒரு வார்த்தை பேசியதில்லை, முறைத்ததுகூட இல்லை. நான் குடத்தோடு வந்தால் வழி விடுவான். யாரப்பா நீ என்று அப்பா ஒரு நாள் கேட்டதற்கு, சும்மா நிற்கிறேன் ஐயா என்றான். ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு சீப்பு பழம் வைத்திருந்தது. யார் வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. அம்மா அதைத் தொடாமல் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் போட்டாள். அதற்குப் பிறகு என்னைத் தனியாக எங்கேயும் விடவில்லை. நானும் கேட்கவில்லை. கதவில் காற்று மோதினால்கூட எழுந்து உட்காருவேன்.

விசாரணையில் முசே வெள்ளைச் சட்டையில், எப்போதும்போல் அமைதியாக இருந்தார். அது பூஜை நாள், அன்றைக்கு வெளியாட்கள் வருவார்கள் என்று பூட்டியிருப்பார்கள், மற்ற நாளெல்லாம் அந்தக் கதவு திறந்துதான் இருக்கும் என்றார். என்னைக் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாவி யாரிடம் இருந்தது, அக்கா என்ன கேட்டாள், போர்டு எப்படிச் சத்தம் போட்டது, படத்தில் அவள் எங்கே பார்க்கிறாள். முன்னால் ஏன் மாற்றிச் சொன்னாய் என்றார்கள். பயம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. கை வெந்துபோன இரண்டு பெண்களும் எனக்குப் பிறகு எழுந்து, பூட்டியிருந்தது என்றார்கள்.

பிறகு மேஸ்திரியைக் கேட்டார்கள். அவர் இளைத்துப்போயிருந்தார். தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"சாவி எங்கிட்டதான் இருந்துது. பூட்டச் சொன்னது நானில்ல சார். போர்டு விஷயத்த ரெண்டு தபா சொன்னேன்."

யாரிடம் சொன்னாய் என்று கேட்டார்கள். அவர் முசேயை ஒரு பார்வை பார்த்தார். முசே கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கேட்டார்கள். மேஸ்திரி ஞாபகமில்லை என்றார்.

அக்கா ஊதுவத்தி கொளுத்தியதாகச் சொன்னது பொய் என்று எழுதினார்கள். கதவு பூட்டியிருந்தது என்றும் எழுதினார்கள். அவள் குடும்பத்துக்குச் சட்டப்படி வர வேண்டியது வந்தது, ரொம்ப நாள் கழித்து. முசே அபராதம் கட்டினார். அந்த வருஷமே பிரான்சில் இருக்கிற தன் அண்ணனிடம் போய்விட்டார், பிறகு வரவில்லை. சாவியை வைத்திருந்தவர் என்று ஜெயிலுக்குப் போனது மேஸ்திரி. எத்தனை மாதம் இருந்தார் என்று நான் விசாரிக்கவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அது யார் கழுத்தில் போய் விழும் என்று பேசும்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அப்படியேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்வது சுலபம்.

சைக்கிள்காரன் விசாரணைக்கு மறுநாளிலிருந்து வரவில்லை. அம்மா அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வாசலுக்கு வந்தவுடன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கோலம் போடுவாள். அப்பாவுக்கு அப்புறம் நிலையான வேலை கிடைக்கவில்லை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயம்மாவாகச் சேர்ந்தேன், கல்யாணமும் ஆயிற்று.

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை, பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். முட்டைக்கோஸ் மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு, வழி, வழி என்று ஒருவர் வந்தார். ஒதுங்கி நின்றேன். கடந்து போனவர் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். மேஸ்திரி. முடியெல்லாம் நரைத்திருந்தது. நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

நல்லாயிருக்கியா பாப்பா என்றார். தலையாட்டினேன். அப்பாவைக் கேட்டார். உடம்பு முடியவில்லை என்றேன். அப்புறம் அவராகவே சொன்னார்.

"நான் மாசத்துக்கு ஒரு தபா வில்லியனூருக்குப் போறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறேன். அதுக்கு மேல காலு வரல, திரும்பி வந்துடறேன்."

அவர்கள் இப்போது அங்கே இல்லை, அக்காவின் புருஷன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பக்கம் தன் தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது என்று சொன்னேன்.

"அப்டியா," என்றார்.

மண்டிக்காரன் அவரைக் கூப்பிட்டான். தோளில் இருந்த துண்டை எடுத்துச் சும்மாடு சுற்றிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போனார். நான் மீதிக் காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.